கயிற்றின் மறுமுனையில் மச்சினன்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பஞ்சையும் நூலையும் துணியையும் இழுத்து அறுத்துப் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அறுப்பவள் நான். கோயம்புத்தூரில் இந்த வேலைக்கு நெசவுத் தொழில்நுட்பப் பட்டம் வேண்டும். எழுபத்துமூன்றாம் வருடம் எங்கள் பிரிவிலிருந்து இரண்டு ஆண்கள் நூற்பு இயந்திரங்களைப் பார்க்க இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். எனக்குத் தூத்துக்குடி கிடைத்தது. "அதுவும் கடல் கடந்த மாதிரிதான், கடல் பக்கத்துலயே இருக்கே" என்றார் எங்கள் இயக்குநர். அவருக்குப் பூகோளம் எப்போதும் இப்படித்தான்.

போன காரியம் இது. தூத்துக்குடியில் ஓர் அலுவலகம் முத்துச் சிப்பிப் படுகைகளை அவ்வப்போது பார்வையிடும். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு ஆட்கள் கடலுக்குள் இறங்குவார்கள். பையில் சிப்பி அள்ளுவார்கள். கயிற்றை இழுத்துச் சைகை கொடுப்பார்கள். வள்ளத்தில் இருப்பவன் தூக்குவான். கயிறு சணப்பு நாரில் திரித்தது. முந்தைய வருடம் ஒரு கயிறு அறுந்து ஒரு பை சிப்பி கடலோடு போய்விட்டது. ஆள் பத்திரம். பைதான் போயிற்று. ஆகவே அதிகாரி கடுமையான நடவடிக்கை எடுத்தார்: இனிமேல் எல்லா வள்ளங்களிலும் நைலான் கயிறு, நைலான் பிடிக்காதவர்களுக்கு வேலை இல்லை. உத்தரவில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதற்கு ஒரு விஞ்ஞானக் காரணமும் இருந்தால் அழகாக இருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த அழகுக்காக நான் ரயில் ஏறினேன்.

என் பையில் இருந்தவை: ஒரு வில் தராசு, அளவு நாடா, பூதக்கண்ணாடி, நைலான் கயிற்றுச் சுருள் ஒன்று (ஒரு கம்பெனி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அன்பளிப்பாகத் தந்தது), ஏற்கெனவே பாதி தட்டச்சு செய்த அறிக்கை. அதில் நைலானின் நன்மைகளை வரிசையாக எழுதியிருந்தேன். அதிக வலு. குறைந்த எடை. அழுகாது. நன்றாக நீளும், ஆகவே திடீர் அதிர்ச்சியைத் தாங்கும். தீமைகள் என்ற தலைப்பின் கீழ் இடம் விட்டிருந்தேன், மரியாதைக்காக.

முதல் நாள் ஊரைப் பார்த்தேன். தங்கியது ஆசிரியைகள் விடுதி ஒன்றில். விடுதிப் பொறுப்பாளர் நாசரேத்துக்காரர். நெற்றி சுருங்காமல் பேசத் தெரியாத அம்மாள். "தனியாவா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "கூட யாரும் வரலியா?" என்றார். முதல் கேள்விக்கான பதிலை மறுபடி சொன்னேன். அந்த ஐந்து நாளில் இந்தக் கேள்வியை ரிக்ஷாக்காரர், தபால் ஆபீஸ் குமாஸ்தா, பேக்கரி அண்ணாச்சி, ஒரு பாதிரியார் என்று எல்லாரும் கேட்டார்கள். யாரும் பதிலை நம்பவில்லை.

பேக்கரி அண்ணாச்சியை மன்னித்துவிட்டேன். அவர் கடையில் மக்ரூன் விற்கிறார். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்து கூம்பாக நிற்கும். வாயில் வைத்தால் காணாமல் போகும். போர்த்துக்கீசியர் இந்தக் கடற்கரையிலிருந்து முத்தையும் துணியையும் வாரிக்கொண்டு போனார்கள். பதிலுக்குக் கிறிஸ்தவ வேதத்தையும் ஜன்னல், அலமாரி, துவாலை என்று சில சொற்களையும் விட்டுப்போனார்கள். மக்ரூனும் அவர்கள் கொடுத்ததுதான் என்கிறார் அண்ணாச்சி. வியாபாரத்தில் நாம் அடைந்த ஒரே லாபம் அதுதான் போலிருக்கிறது.

தண்ணீர் வேறு விஷயம். சிறுவாணி குடித்து வளர்ந்தவள் நான். இங்கே விடுதியில் கொடுத்த தண்ணீரில் சமைத்தால் உப்புச் செலவு மிச்சம்.

மாலையில் அதிகாரியைப் பார்த்தேன். நல்ல மனிதர், குடையும் பளபளக்கும் பூட்சும் வைத்திருந்தார். "மிஸ், இது சயின்ஸ் யுகம். இவங்க இன்னும் கல்லைக் கட்டிக்கிட்டு இறங்குறாங்க. சரி, கல்லை மாத்த பட்ஜெட் இல்லை. கயிறையாவது மாத்தணும்" என்றார். எல்லா வள்ளங்களும் ஒப்புக்கொண்டுவிட்டன, புன்னைக்காயலில் ஒரே ஒரு குடும்பம் மட்டும் மறுக்கிறது என்றும் சொன்னார். "மச்சினன்தான் கயிறு பிடிக்கணுமாம், அவன் நைலானைத் தொடமாட்டானாம். மூட நம்பிக்கை. நீங்க படிச்சவங்க, எடுத்துச் சொல்லுங்க."

இரண்டாம் நாள் எடுத்துச் சொல்லக் கிளம்பினேன். புன்னைக்காயல் விலக்கில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன். அவர் மூன்று முறையும் தலையாட்டினார். ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு நடுவே பஸ் புகைந்துகொண்டு நின்றபோதுதான் என்னைக் கவனித்தார். "நீங்க இன்னும் இறங்கலியா?" என்று கோபித்துக்கொண்டார்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். கண்ணுக்கு எட்டிய வரையில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர்தான். ஒரு சொம்புகூட உதவாது. கடைசி இருக்கையில் ஒரு அம்மாள் மடியில் பானையுடன் இருந்தார். கண்டக்டர் பானையைப் பார்த்தார்.

"பனம்பதனி வே, தண்ணி இல்ல" என்றார் அந்த அம்மாள்.

"பரவாயில்ல ஆத்தா, ஊத்துவோம்."

"ஊத்துனா வண்டி திருச்செந்தூர்லயும் நிக்காது, நேரா கன்னியாகுமரிக்குப் போயிரும். பேசாமப் போவும்."

நான் ஓர் உப்பு லாரியின் முன் இருக்கையில், டிரைவருக்கும் அவருடைய மாமியாருக்கும் நடுவில் உட்கார்ந்து விலக்கு வரைக்கும் திரும்பி வந்தேன். மாமியாரும் கேட்டார்: "தனியாவா வந்தீங்க?"

புன்னைக்காயல், தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது. கோயிலைச் சுற்றி வீடுகள், வீடுகளைச் சுற்றி வலைகள். பையும் பேனாவுமாக வருகிற பெண் யாரானாலும் இங்கே டீச்சர்தான். மறுக்கிற குடும்பம் எது என்று கேட்டதும் தெருவே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வீட்டு வாசலில் ரெஜினா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். முத்துக்குளிக்கிற சூசையின் மனைவி. கயிறு பிடிக்கிற அந்தோணியின் அக்காள். அதாவது கயிற்றின் இரண்டு முனையும் அவளுடையவை.

"வாங்க டீச்சர். ஏளா ஸ்டெல்லா, அந்த நாற்காலிய இங்கன கொண்டா. கயிறு விஷயமாத்தான வந்திருக்கீய? அவரு நைலான்ல இறங்குதேன்னு சொல்லுதாரு. இவன் நைலானப் பிடிக்க மாட்டேன்னு சொல்லுதான். நடுவுல நான் எதைப் பிடிக்க?"

சூசை சிரித்தபடி உள்ளேயிருந்து வந்தான். "மேல வந்தாச் சரிதான் டீச்சர், கயிறு எதுவா இருந்தா என்ன? ரெண்டு மாசமா மீன்பாடு இல்ல. இந்த வேலையும் போச்சுன்னா இவ என்னைய வலைக்குள்ள போட்டுப் பொத்திருவா."

அந்தோணி சிரிக்கவில்லை. என் சுருளை வாங்கி ஒரு முனையைக் கதவில் கட்டி, மறுமுனையைப் பிடித்துத் தெருக்கோடிவரை நடந்து, ஒரு சுண்டு சுண்டினான். திரும்பி வந்தான். "இது கயிறு இல்ல டீச்சர், ரப்பரு. அத்தான் கீழ ஒரு இழுப்பு இழுத்தா அது எனக்குக் கையில கேக்கணும். இதுல ஒண்ணும் கேக்காது."

நீட்சி என்பது அதிர்ச்சியைத் தாங்கும் நற்பண்பு என்று அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். "நீங்க பிடிச்சிருக்கீயளா?" என்றான். இல்லை என்றேன். சுருளைச் சுற்றி என் கையில் கொடுத்தான். விளக்கத்தை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்படியானால் நைலானைப் பிடிக்க வேறு ஆளைப் போட்டால் என்ன என்று ரெஜினாவைக் கேட்டேன். இந்தக் கடற்கரையில் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் என்பதும், அதைத்தான் அதிகாரி மூட நம்பிக்கை என்றார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தேன்.

"வேற ஆளு பிடிக்கலாம்" என்றாள். "அவன் கொட்டாவி விடுவான், பீடி பத்த வைப்பான். இவன் விடுவானா? என் தாலி அறுந்தா நானும் நாலு பிள்ளையளும் எங்க போவோம்? இவன் வீட்டுக்குத்தான். அந்தப் பயத்துலயே முழிச்சிருப்பான்."

"நாலு இல்ல, அஞ்சு" என்றான் அந்தோணி. "ஒன் மாமியாவையும் சேத்துக்கோ. அதை நெனச்சாலே எனக்கு மூணு நாளைக்குத் தூக்கம் வராது."

காப்பீட்டுத் துறையில் இவ்வளவு தெளிவாக யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை.

மதியம் சாளை மீன் குழம்பு போட்டாள். கோயம்புத்தூரில் நாங்கள் ஆட்டை எலும்போடு சாப்பிடுகிறவர்கள். எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். சாளையில் அது எல்லா இடத்திலும் இருக்கிறது. இத்தனை முள்ளோடு வேறெந்தப் பொருளும் தரச்சோதனையில் தேறியிருக்காது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட கைக்கு நன்றியாக, வலைக்காவது நைலான் நல்லதுதானே, அழுகாதே என்றேன். மீன்பிடி வலைகள் அப்போதே பாதிக்குமேல் நைலானுக்கு மாறியிருந்தன. ரெஜினா பொத்திக்கொண்டிருந்ததும் நைலான்தான்.

"நல்லதுதான். பருத்தி வலைய தெனமும் காயப் போடணும், புளியங்கொட்டைக் கஷாயத்துல முக்கணும், உசிரு போவும். இதுல அந்தப் பாடு இல்ல. ஆனா கடலுக்கடியில பாறைப் பார்ல சிக்கி அறுந்து போன வலை என்னாவும்? பருத்தின்னா ஒரு மழைக்காலத்துக்குள்ள மக்கிரும். இது அங்கனயே கெடந்து மீனப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். யாரு திங்கதுக்கு?"

நன்மைகள் பட்டியலில் 'அழுகாது' என்பதை வட்டமிட்டு, கீழே காலியாக இருந்த தலைப்புக்கு அம்புக்குறி போட்டேன். ஆய்வுக்கூடத்தில் எட்டு பேர் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. எங்கள் மேசைக்கு அடியில் கடல் இல்லாதது காரணமாக இருக்கலாம்.

கிளம்பும்போது நான்தான் ஒரு யோசனை சொன்னேன். கடலிலேயே சோதித்துவிடலாம். சூசை இரண்டு கயிற்றையும் கட்டிக்கொண்டு இறங்கட்டும். எது பேசுகிறது, எது பேசவில்லை என்று தெரிந்துவிடும். "பழைய கயிறு என் கையில இருந்தாச் சரி" என்றான் அந்தோணி.

மூன்றாம் நாள் காலை, அலுவலக மோட்டார் படகு எங்கள் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போய் ஆறு பாக ஆழத்தில் விட்டது. பாகம் என்பது ஓர் ஆள் இரு கையையும் விரித்த நீளம். வள்ளத்தில் சூசை, அந்தோணி, கல் தூக்க இன்னொருவர், நான், அதிகாரி. அதிகாரி பூட்சோடும் குடையோடும் வந்திருந்தார். கடல் சாந்தமாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். என் வயிறு மாற்றுக் கருத்து கொண்டிருந்தது. அதை நான் குறிப்பில் சேர்க்கவில்லை.

விதிகளை எழுதி வாசித்தேன். சூசை தரைக்குப் போனதும் கல்லை மேலே தூக்கிவிட வேண்டும். கல் வள்ளத்துக்குள் வந்த பிறகுதான் சூசை சைகை தொடங்குவான். நைலானை ஐந்து முறை, ஒவ்வொன்றாக, இழுப்பான். அதன் பிறகு பழைய கயிற்றை ஒரு முறை இழுப்பான், அப்போது தூக்கவேண்டும். நைலானைப் பிடித்திருப்பவர் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு விரலை உயர்த்த வேண்டும்.

"நைலானை இவன் பிடிச்சா வேணும்னே தெரியலைன்னு சொல்லுவான். குடுங்க இங்கே" என்று அதிகாரி கயிற்றை வாங்கிக்கொண்டார்.

சூசை சிலுவை போட்டுக்கொண்டு கல்லோடு இறங்கினான். கல் மேலே வந்துகொண்டிருக்கும்போதே அதிகாரி ஒரு விரலை உயர்த்தினார். வள்ளம் ஒரு அலையில் ஏறி இறங்கியது, இரண்டாவது விரல். கல் வள்ளத்துக்குள் வந்தது. அதற்குப் பிறகு அவர் முகத்தில் நிதானமான புன்னகை மட்டுமே இருந்தது. "பையன் இன்னும் தயாராகலை போலிருக்கு" என்றார். அந்த நேரத்தில் அந்தோணி விறுவிறுவென்று பழைய கயிற்றை இழுக்கத் தொடங்கினான். சூசை மேலே வந்து, மூச்சு வாங்கி, "அஞ்சும் குடுத்தேன்" என்றான்.

குறித்துக்கொண்டேன். கொடுத்த சைகை ஐந்து. அதிகாரி உணர்ந்தது இரண்டு. இரண்டும் சைகை தொடங்குவதற்கு முன்னால்.

"அலையில ஒரு கன்ஃப்யூஷன்" என்றார் அதிகாரி. "லேடீஸ் கை நுட்பமான கை. மிஸ் பிடிக்கட்டும்."

அடுத்த முறை நான் பிடித்தேன். இந்தத் தடவை ஐந்து இழுப்பெல்லாம் வேண்டாம் என்றான் சூசை. "வேலையில எப்படியோ அப்படியே பாப்போம். சிப்பி அள்ளுதேன், மூச்சு முடிஞ்சா நைலான மட்டும் இழுக்கேன். நீங்க சொல்லுங்க, அந்தோணி தூக்கட்டும்." அந்தோணி முறைத்தான். சூசை அதற்குள் தண்ணீருக்குள் இருந்தான்.

நான் கயிற்றை மட்டுமே கவனித்தேன். என் தொழில் அது. நைலான் என் விரல்களுக்கு இடையே மெதுவாக நீண்டது, மெதுவாகச் சுருங்கியது. வள்ளம் ஏறும்போது நீண்டது, இறங்கும்போது சுருங்கியது. சுகமாக, தூளி ஆடுவதுபோல. அதைத் தவிர எதுவுமில்லை. இன்னும் சைகை வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்தோணி பழைய கயிற்றை இழுக்க ஆரம்பித்திருந்தான். தூக்கும்படி யாரும் சொல்லவில்லை. சூசை மூச்சடக்கிய நேரத்தை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவன் எண்ணுவதை நிறுத்திவிட்டு, கைமாற்றிக் கைமாற்றி, வள்ளத்தின் விளிம்பில் முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். சூசை வந்தான். கண் சிவந்திருந்தது, மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருமினான். பேச முடிந்ததும் என்னைப் பார்த்தான்.

"ஒங்களத்தான் டீச்சர் கூப்பிட்டேன். நாலு தடவ."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. வீட்டுக் கதவைத் தட்டியும் திறக்காதவர்களிடம் மறுநாள் சொல்வதுபோல் சொன்னான்.

அந்தோணி அவன் முதுகைத் துடைத்துக்கொண்டே, "ஏன் அத்தான், பழைய கயித்த இழுத்தா கை ஒடிஞ்சிருமா?" என்றான்.

"டீச்சர் சோதனைல்லா. கெடுக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

அறிக்கையில் நான் தட்டச்சு செய்துவைத்திருந்த வரி நினைவுக்கு வந்தது: நன்றாக நீளும், ஆகவே திடீர் அதிர்ச்சியைத் தாங்கும். உண்மைதான். ஆறு பாக ஆழத்தில் ஒரு மனிதன் நாலு தடவை கொடுத்த அதிர்ச்சியை அது முழுக்கத் தாங்கிக்கொண்டது. என் கைக்கு ஒரு துளிகூட வரவிடவில்லை. திரும்புகிற வழியில் அதிகாரி குடையை விரித்துக்கொண்டார்.

நான்காம் நாள் விடுதியில் உட்கார்ந்து அறிக்கையைப் புதிதாக எழுதினேன். அறுபடும் வலுவுக்கு ஒரு கட்டம், எடைக்கு ஒரு கட்டம் என்று அச்சடித்த படிவம். கையில் கேட்பதற்குக் கட்டம் இல்லை. அளவுகோல் வைத்து ஒரு கட்டம் வரைந்தேன். சணப்புக் கயிறு நீளாது, நனைந்தால் இறுகும், சைகையைக் கடத்தும். ஆனால் உப்பில் மக்கும், ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் புதுக் கயிறு தரவேண்டும் என்று எழுதினேன். போன வருடம் அறுந்தது எத்தனை வருடப் பழைய கயிறு என்று அந்தோணியிடம் கேட்டிருந்தேன். நாலு வருடம் என்றான். புதுக் கயிறு கேட்டு அலுவலகத்துக்கு மனு எழுதிய வருடங்களும் நாலு. அதையும் எழுதினேன். பிறகு சோதனை விவரம்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"மிஸ், கயிறு பிடிச்சவங்க விவரம் எதுக்கு?"

"சோதனை அறிக்கையில் சோதனை செய்தவரைக் குறிப்பிடணும் சார். பேர் போடலை, பதவி மட்டும்தான்."

"இந்த ஊர்ல அந்தப் பதவியில நான் ஒருத்தன்தானே இருக்கேன்!"

"இரண்டாவது ஆள் நான்தான் சார். என் பேரையே போட்டிருக்கேன். கொடுத்தது நாலு, உணர்ந்தது ஒன்றுமில்லை."

இது எப்போது மேலே போகும் என்று கேட்டார். எங்கள் இயக்குநர் கையெழுத்தோடு பத்து நாளில் என்றேன். எங்கள் இயக்குநருக்கு இது பிடிக்கப்போவதில்லை. கம்பெனிச் சுருளுக்கு நன்றிக் கடிதம் எழுதிக் காத்திருக்கிறார். அதை இவரிடம் சொல்லவில்லை.

அதிகாரி ஜன்னல் வழியாகப் புதுத் துறைமுகத்தின் பக்கம் பார்த்தார். அங்கே கப்பல்கள் நேராகக் கரையில் வந்து நிற்கப்போகின்றன என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. நாடு எவ்வளவோ முன்னேறிக்கொண்டிருக்கும்போது ஒரு கயிற்றில் தடுக்கி விழுவானேன் என்று நினைத்திருப்பார். மணியடித்துத் தட்டச்சரைக் கூப்பிட்டார். அவருடைய நேரடிப் பரிசோதனையில் நைலான் கயிற்றில் ஒரு குறை தெரியவந்திருப்பதாகவும், முந்தைய உத்தரவு நிறுத்திவைக்கப்படுவதாகவும், எல்லா வள்ளங்களுக்கும் புதுச் சணப்புக் கயிறு வழங்கப்படும் என்றும் இவர் சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடித்தார். தேதி, என் அறிக்கைக்கு முந்தைய நாள்.

ஆக, நைலானின் குறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். கோப்பில் இருக்கிறது. எனக்கு ஆட்சேபம் இல்லை. மூக்கில் ரத்தம் வந்தவன் யார் என்று கோப்பில் இல்லை. அவனுக்கும் ஆட்சேபம் இருக்காது, வேலை கிடைத்துவிட்டதே.

ஐந்தாம் நாள் ரயிலுக்கு முன்னால் கடற்கரைக்குப் போனேன். பார்வையிடும் வள்ளங்கள் விடியும்போதே போய்விட்டிருந்தன. ரெஜினா புன்னைக்காயலிலிருந்து முந்தின நாளே வந்து, நாலு வருடம் வராமல் ஒரே மாலையில் கடைத்தெருவிலிருந்து வந்துவிட்ட புதுக் கயிற்றைத் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்து, இருவரையும் ஏற்றி அனுப்பியிருந்தாள். மணலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். கடலைப் பார்க்கவே இல்லை.

சூசைக்கு மூக்கு சரியாகிவிட்டதா என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, ராத்திரி முழுக்கக் கொறட்டை. அந்தோணிதான் தூங்கல. டீச்சர் கையில கேக்கல, டீச்சர் கையில கேக்கலன்னு பொலம்புதான்." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏளா, ஒனக்கு அண்ணன் தம்பி உண்டா?"

இல்லை, ஒரே மகள் என்றேன்.

"அப்பம் நீ கலியாணம் கெட்டுதவன் தண்ணிக்குள்ள எறங்காதவனாப் பாத்துக்கோ."

எங்கள் ஊரில் கடலே இல்லை, அந்தப் பயமே வேண்டாம் என்றேன்.

ரெஜினா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். "கெணறு இருக்கும்லா?" என்றாள்.